தகடூர் நாட்டில் முதுமையும் மறதியும்

1. முன்னுரை

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு அளித்தான் என்பதைப் புறநானூற்றின் 91-ஆம் பாட்டால் அறிகின்றோம். சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையைப் போற்றுகின்றது. உரையாசிரியரும் வரலாற்றாசிரியரும் இச்செய்தியைக் கொடைச் சிறப்புக்குச் சான்றாகவே காட்டி வந்துள்ளனர். அதனுள் அடங்கிய மற்றொரு கருத்தும் எண்ணற்பாலது. புலமை நிறைந்த ஒருவர் நெடிது வாழ்ந்தால் நாட்டுக்கு நலம் என்று அரசன் கருதினான் எனக் கொள்வதில் தவறில்லை. வாழ்நாள் நீளுமாயின் நினைவும் அதனுடன் நிற்கும் என்னும் நம்பிக்கை அக்கொடையின் அடியில் இருக்கின்றது.

அந்நம்பிக்கை இன்று ஆராயத்தக்கதாகியுள்ளது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டு. இன்று அது 70 ஆண்டளவாக உயர்ந்துள்ளது. நெல்லிக்கனி ஒருவர்க்குத் தர இருந்த பயனை நல்ல குடிநீரும், அம்மை குத்துதலும், மருந்தும் பல கோடி மக்களுக்குத் தந்துள்ளன. வாழ்நாள் நீண்டவிடத்து நினைவு உடன்வாராமையும் மிகுதியாகக் காணப்படுகின்றது. இந்நிலையை மருத்துவர் மறதி நோய் என்பர்.

பழைய தகடூர் நாடே இன்றைய தருமபுரி மாவட்டம். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அது சேலம் மாவட்டத்தினின்று பிரிந்தது. அம்மாவட்டத்தில், காவிரிக்குக் கிழக்கே, பென்னாகரத்திற்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் ஏரியூர் உள்ளது. மழையை நோக்கும் புன்செய் வேளாண்மையும், வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞரும், வீட்டில் தங்கும் முதியோரும் இப்பக்கத்து ஊர்களுக்குப் பொதுவானவை. ஏரியூர் போன்றதோர் ஊரை உள்ளத்திற்கொண்டு, மறதி நோய் தோன்றுதற்கும் வளர்தற்கும் உரிய காரணங்களை வரலாற்று முறையில் நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கட்டுரையின் துணிபை முதற்கண் கூறிவிடுதல் நன்று. இந்நோய்க்குரிய காரணங்களுட் பல, முதுமை வந்தபின் தோன்றியவை அல்ல. அவை ஓர் ஊரின் அறுபது எழுபது ஆண்டு வரலாற்றில் விளைந்தவை. பள்ளி இருந்ததா, பெண்மகவு அதற்கு அனுப்பப்பட்டதா, மருத்துவமனை எட்டும் தொலைவில் இருந்ததா, மக்கள் உடன் வாழ்கின்றனரா என்பன போன்ற வினாக்களின் விடை ஒரு மூதாட்டியின் மூளையில் எழுதப்படுகின்றது. ஆதலின் இப்பொருள் மருத்துவர்க்கு மட்டுமன்றி, வரலாறும் மொழியும் பயில்வோர்க்கும் உரியதாகும்.

2. சொல்லும் வழக்கும்

ஒரு நோயை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு அவர்கள் இட்ட பெயரே முதற் சான்று. தமிழில் மறத்தலைக் குறிக்கும் சொற்கள் பலவுள. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை. அங்குப் பேசப்படும் மறதி, மகிழ்ச்சி மிகுதியால் கடமையிற் சோர்தலாகும். அது ஒழுக்கத்தின்பாற்பட்ட குற்றம். மறவி என்னும் சொல்லும் மடிமையொடு சேர்த்தே எண்ணப்படுகின்றது. இவை இரண்டும் முதியவரின் நோயைச் சுட்டுவன அல்ல.

முதுமையில் அறிவு நிலைதிரிதலைக் குறிக்க யாழ்ப்பாணத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்னும் தொடர் வழங்குகின்றது. கேரளத்தில் இந்நிலையைச் ‘சின்னன்’ என மக்கள் குறித்ததாக அங்குக் களப்பணி செய்த மருத்துவர் எழுதியுள்ளனர். குழந்தைத்தன்மை என்பது அதன் பொருள். தமிழ்நாட்டு ஊர்களிலோ ‘வயதாகிவிட்டது’ என்னும் தொடரே முழு விளக்கமாக நிற்கின்றது. உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்பதும், பழகிய தெருவில் வழி தப்புவதும், பெற்ற மகளை யாரென வினவுவதும் இத்தொடரால் அமைதி பெறுகின்றன. நோய்க்குப் பெயர் இல்லாதவிடத்து நோயாளியும் இல்லை என்பது உலக வழக்கு.

சங்கப் பாடல்களில் முதுமை பல கோணங்களிற் பேசப்படுகின்றது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், தண்டூன்றி இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவர், தம் இளமையில் நீர்த்துறையில் விளையாடியதை நினைந்து இரங்குகின்றார். அப்பாட்டு நோயைக் கூறுவதன்று. ஆயினும் முதுமையில் தொலைவிலுள்ள இளமை தெளிவாக நிற்கும் என்னும் பொது உண்மைக்கு அது சான்றாகும். மறதி நோயின் தொடக்கத்திலும் நேற்றைய செய்தி மறைய, ஐம்பதாண்டுக்கு முந்தைய செய்தி நிற்கும். உறவினர் ஏமாறுவதும் ஈண்டேயாம். பழங்கதையைப் பிழையின்றிச் சொல்பவர்க்கு நோய் எப்படி இருக்கும் என அவர் வினவுவர்.

நம் ஆய்வுக்கு இன்னும் நெருங்கியது பிசிராந்தையாரின் 191-ஆம் பாட்டு. ஆண்டு பல கழிந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் என்ன என்ற வினாவிற்கு அவர் விடை கூறுகின்றார். மருந்தையோ உணவையோ அவர் காட்டவில்லை. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும், தாம் எண்ணியதையே எண்ணும் ஏவலரும், முறைதவறாது காக்கும் வேந்தனும், தம் ஊரில் வாழும் சான்றோர் பலரும் காரணம் என்கின்றார். உடலின் முதுமை வீட்டையும் ஊரையும் ஆட்சியையும் சார்ந்தது என்னும் இக்கருத்தைப் புலவர் கற்பனை எனக் கொள்வதே மரபு. இன்றைய மருத்துவ ஆய்வு சென்றுசேர்ந்துள்ள இடத்தை நோக்கின், இதனை இன்னும் கவனமாகப் படித்தல் வேண்டும் எனத் தோன்றும்.

3. நோய் அறியப்பட்ட வரலாறு

1901-ஆம் ஆண்டு செருமானிய நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் ஆகுசுதே டெட்டர் என்னும் 51 அகவைப் பெண்மணி சேர்க்கப்பட்டார். நினைவிழப்பும் ஐயுறவும் அவர்பால் காணப்பட்டன. அவரை ஆய்ந்த அலாய்சு அல்சைமர், 1906-இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியால் நோக்கி, அதில் படிவுகளும் நரம்பிழை முடிச்சுகளும் இருத்தலைக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் தூபிங்கென் நகரிற் கூடிய மருத்துவர் அவையில் அதனை அறிவித்தார். 1910-இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் அதற்கு அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார்.

அதன்பின் அரை நூற்றாண்டு காலம் அது நடுவயதில் அரிதாக வரும் நோய் எனவே எண்ணப்பட்டது. முதியோரின் மறதி மூப்பின் இயல்பு என ஒதுக்கப்பட்டது. நம் ஊர்களில் ‘வயதாகிவிட்டது’ என்று கூறுவதற்கும் அக்காலத்து மேனாட்டு மருத்துவ நூலின் கூற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெசெட், டாம்லின்சன், ராத் என்னும் மூவர், நினைவிழந்த முதியோரின் மூளையிலும் அல்சைமர் கண்ட படிவுகள் மிகுந்திருத்தலை நிறுவினர். 1974-இல் அச்சின்சுகி என்னும் மருத்துவர், சிறு சிறு குருதிக்குழாய் அடைப்புகள் பலவாகச் சேர்ந்து நினைவை அழிக்கும் என விளக்கினார். 1976-இல் இராபர்ட் காட்சுமன், முதியோர்க்கு வருவதும் நடுவயதினர்க்கு வருவதும் ஒரே நோய் என்றும், அது உயிர்போக்கும் பெருநோய்களுள் ஒன்று என்றும் வலியுறுத்தினார்.

தமிழகத்திலும் இக்காலத்திலேயே முதுமை தனித்துறையாக நோக்கப்படலாயிற்று. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. அதன் முன்னோடி மருத்துவர் வி. எசு. நடராசன். 1982-இல் மதுரையின் மருத்துவர் வேங்கோபராவ், மாதவன் ஆகியோர் மதுரையை அடுத்த பகுதி ஒன்றில் முதியோர் மனநோய்கள் பற்றிய கணக்கெடுப்பை வெளியிட்டனர். 1997-இல் இராசகுமார், குமார், தாரா என்போர் திருப்போரூர் வட்டாரச் சிற்றூர்களில் ஆய்ந்து, 60 அகவைக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 3.5 பேர்க்கு இந்நோய் உண்டு என உரைத்தனர்.

1998-இல் கொச்சியிற் கூடிய அறிஞர் ‘10/66’ என்னும் ஆய்வுக்குழுவை அமைத்தனர். மறதி நோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளுள் நூற்றுக்குப் பத்தினும் குறைந்தனவே அவர்களைப் பற்றியவை என்பது அப்பெயரின் பொருள். அக்குழுவின் கணக்கெடுப்பு பல நாடுகளில் நடந்தது. இந்தியாவில் சென்னையும் வேலூர்ச் சிற்றூர்களும் அதற்குக் களங்களாயின. 2008-இல் வெளிவந்த அதன் முடிவு நம் கருத்தை ஈர்க்கின்றது. அமெரிக்க உளமருத்துவ நூலின் இலக்கணப்படி நோக்கியபோது, இந்தியச் சிற்றூர்க் களத்தில் நோயுற்றோர் நூற்றுக்கு 0.3 என்ற மிகச் சிறிய அளவினரே, கியூபாவில் 6.3. குழுவினர் தாமே வகுத்த முறையால் நோக்கியபோது எல்லாக் களங்களிலும் அளவு உயர்ந்தது; நாடுகளுக்கிடையே இருந்த பெரும் இடைவெளியும் குறைந்தது. அம்முறையில் மிகக் குறைந்த அளவே 5.6 ஆயிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அமெரிக்க இலக்கணம், நோயால் நாள்வாழ்வின் செயல்கள் குன்றியதாக உறவினர் கூறுதல் வேண்டும் என்கின்றது. நம் சிற்றூர் வீட்டில் எழுபது அகவைத் தாயார் கணக்குப் பார்ப்பதில்லை, தனியே பேருந்தேறுவதில்லை, சமையலை மருமகள் ஏற்றுக்கொண்டு பல்லாண்டு ஆயிற்று. செயல் குன்றியது தெரிவதற்குச் செயலே அவரிடம் விடப்படவில்லை. தெரிந்தவிடத்தும் அதனைக் குறையாகப் பிறரிடம் கூறுதல் மரியாதைக் கேடாகும். எனவே 0.3 என்னும் எண்ணை நோயின் குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெரும்பகுதி சொல்லப்படாமையின் அளவே அதில் அடங்கியுள்ளது.

அண்மையில், 2017 முதல் 2020 வரை இந்தியா முழுவதும் நடந்த முதியோர் ஆய்வைக் கொண்டு 2023-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அதன்படி 60 அகவைக்கு மேற்பட்ட இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுற்றவர். ஆடவரினும் பெண்டிரிடமும், நகரினும் சிற்றூரிலும், கற்றவரினும் கல்லாதவரிடமும் நோய் மிகுதி என்பதும் அதனாற் பெறப்பட்டது.

4. தோற்றமும் வளர்ச்சியும்

நோய் தோன்றுதற்குரிய காரணமும், தோன்றிய நோய் விரைந்து வளர்தற்குரிய காரணமும் வேறு வேறாகப் பிரித்து நோக்கத்தக்கவை. சில இரண்டிற்கும் பொது. சில ஒன்றிற்கே உரியன. ஒன்றிற்கு நன்மையாய் இருப்பது மற்றொன்றில் அவ்வாறு தோன்றாமையும் உண்டு.

அகவையும் பிறப்பும் மாற்றவொண்ணாதவை. 1993-இல் கண்டறியப்பட்ட ஒருவகை மரபுக்கூறு அல்சைமர் நோயின் வாய்ப்பை மிகுவிக்கின்றது. மாற்றத்தக்க காரணங்களை இலண்டனைச் சார்ந்த கில் லிவிங்சுடன் தலைமையில் இலான்செட் இதழ் அமைத்த குழு மும்முறை தொகுத்தது. 2017-இல் 9 காரணங்களும், 2020-இல் 12 காரணங்களும், 2024-இல் 14 காரணங்களும் கூறப்பட்டன. குறைந்த கல்வி, செவிப்புலன் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைபிடித்தல், இரத்த அழுத்தம், உடற்பருமன், மிகுகுடி, தனிமை, காற்று மாசு, மருத்துவம் செய்யப்படாத கண்பார்வைக் குறை என்பன அவை. இவை யாவும் நீங்குமாயின் உலகில் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கு தடுக்கப்படவோ தள்ளிப்போடப்படவோ கூடும் என்பது 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு. இப்பட்டியலைப் பிசிராந்தையார் பாட்டின் அருகில் வைத்து நோக்கின், உடலைப் பற்றியவற்றுக்கிடையே வீட்டையும் ஊரையும் ஆட்சியையும் பற்றியவை விரவிக் கிடத்தல் புலனாகும்.

கல்வியைப் பற்றிய ஆய்வு நம் துறையினர்க்குச் சிறப்பாக உரியது. அமெரிக்காவில் 678 கன்னியர் பங்கேற்ற ஆய்வு ஒன்றை டேவிட் சினோடன் நடத்தினார். அவருட் சிலர் ஏறத்தாழ 22 அகவையில், மடத்தில் உறுதிமொழி ஏற்குமுன், தம் வாழ்க்கையைச் சிறு கட்டுரையாக எழுதியிருந்தனர். அக்கட்டுரைகளில் வாக்கியந்தோறும் அமைந்த கருத்துச் செறிவை அளந்தபோது, செறிவு குறைந்தவரிடத்தே முதுமையில் நினைவுக் குறையும் அல்சைமர் நோயும் மிகுந்திருந்தன. இம்முடிவு 1996-இல் வெளியாயிற்று. இளமை மொழிநடை முதுமையின் நலத்தை முன்னரே காட்டி நின்றது. மறு ஆண்டு வெளியான மற்றொரு முடிவும் குறிக்கத்தக்கது. அல்சைமர் படிவுகள் மூளையில் இருந்தும் சிலர் தெளிவாக வாழ்ந்து மறைந்தனர். படிவுகளோடு சிறு குருதிக்குழாய் அடைப்புகளும் சேர்ந்தவர் பெரும்பாலும் நினைவிழந்தனர். ஒரு கேட்டைத் தாங்கும் மூளை இரண்டைத் தாங்குவதில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்து யாக்கோவ் சிடெர்ன் இத்தாங்கும் ஆற்றலை அறிவுச் சேமிப்பு என்னும் கருத்தால் விளக்கினார். குதிரில் தவசம் நிரம்பிய வீடு பஞ்சத்தை நெடுநாள் வெளியே காட்டாது. கற்றவர்க்கு நோய் பிந்தித் தோன்றுதல் இதனாலேயே. ஆயினும் தோன்றியபின் கற்றவரிடத்து நினைவு விரைந்து தேய்தலை அவர்தம் 1999-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. பஞ்சம் வெளிப்படும் நாளில் குதிர் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது என்பதே இதன் பொருள். கல்வி தீங்கு செய்தது எனக் கொள்ளுதல் பிழை. கற்ற குடும்பத்தினர், தந்தையார் ‘சென்ற ஆண்டுவரை நன்றாக இருந்தார்’ என வியப்பதற்கு விடை ஈண்டு உள்ளது.

மொழி பற்றிய ஆய்வு ஒன்றும் நம் நாட்டிலேயே நடந்தது. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளரை ஆய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, இருமொழி பேசுவோர்க்கு நோய் 4.5 ஆண்டு பிந்தித் தோன்றியது என்றது. எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமை சிறப்பாகும். பிறநாட்டுத் தொடர் ஆய்வுகள் சில இதனை உறுதிப்படுத்தாமையின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அண்டை வீடுகளில் வழங்கும் தருமபுரிப் பகுதியில் இதனை ஆராய்தற்கு இடம் உண்டு.

இனி, தோன்றிய நோயை விரைவிப்பன எவை எனக் காண்போம். முதலாவது, குருதிக்குழாய்க் கேடு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் அடங்காதவிடத்துச் சிறு அடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கின்றன. நோயாளியின் நிலை படிப்படியாக இறங்கும் மாடிப்படி போல ஆகின்றது. இரண்டாவது, காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் அறுவை மருத்துவத்திற்குப் பின்னும் வரும் திடீர்க் குழப்பநிலை. நாட்டு வழக்கில் இதனைச் ‘சன்னி கண்டது’ என்பர். இக்குழப்பம் நேர்ந்தபின் அல்சைமர் நோயாளரின் அறிவுத்தேய்வு விரைவுபடுதல் 2009-இல் நிறுவப்பட்டது. காய்ச்சல் தணிந்தும் பாட்டி முன்போல இல்லை என வீட்டார் கூறுதல் பொருளற்ற புலம்பல் அன்று. மூன்றாவது, ஊட்டக்குறைவு. நான்காவது, தூக்கத்திற்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்துகளுட் சில. அவை குழப்பத்தை மிகுவிக்கும்.

ஐந்தாவதாகக் கூறத்தக்கது அன்பின் அளவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கேசு வட்டாரத்தில் நோயாளரை ஆண்டுகள் பல தொடர்ந்து நோக்கிய ஆய்வில், பேணுவோரும் நோயாளரும் உள்ளம் நெருங்கியிருந்த வீடுகளில் நினைவுத்தேய்வு மெதுவாக நிகழ்ந்தது. பேணுபவர் வாழ்க்கைத் துணையாயின் இது மேலும் தெளிவாக இருந்தது. அவ்வட்டார ஆய்வே ஐயுறவு, கிளர்ச்சி முதலிய குறிகள் மிக்க நோயாளர் விரைந்து நலிதலையும் ஊட்டக்குறைவின் தீங்கையும் காட்டியது. நெருக்கமே தேய்வைக் குறைத்ததா, தேய்வு குறைந்தமையால் நெருக்கம் நிலைத்ததா என்னும் வினா முற்றும் தீரவில்லை. எனினும் ஐயுற்றுச் சினப்பவரைச் சினந்தே அடக்க முயலும் வீட்டில் இரு தீமைகள் ஒன்றையொன்று வளர்த்தல் எளிதிற் புலனாகும்.

5. தருமபுரியின் நிலை

மேற்கூறிய காரணங்களைத் தருமபுரியின் வரலாற்றில் வைத்து நோக்குதும். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 68.5, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே கடைசி. பெண்டிரிடம் அது இன்னும் குறைவு. இன்று எண்பது அகவையை எட்டியோர் பள்ளிப் பருவத்தை அடைந்தது 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில். காமராசர் ஆட்சியில் பள்ளிப் பகலுணவுத் திட்டம் தொடங்கியது 1956-இல். அத்திட்டம் ஊர்தோறும் பரவிப் பெண்மக்களையும் பள்ளிக்கு ஈர்ப்பதற்குள் இவர்களது பருவம் கடந்துவிட்டது. ஏரியூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர் ஆடு மேய்க்கச் சென்ற நாட்களின் விலை எழுபதாண்டு கழித்து அவர் நினைவிற் கழிக்கப்படுகின்றது. கல்வி வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாது இவ்விளைவையும் சேர்த்தெழுதுதல் வேண்டும்.

மருத்துவ வசதியிலும் இதுவே நிலை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2008-இல். இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலியின்றி வளர்வன; வலியில்லாத நோய்க்கு ஒரு நாட் கூலியை இழந்து பேருந்தேறிச் செல்வார் சிலரே. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் அண்டை மாவட்டமாகிய கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வைக்கப்பட்டது. இவ்விரு நோய்க்கும் மருந்தை வீட்டிற்கே கொண்டு தருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. மறதி நோய்க்கென அது வகுக்கப்படவில்லை. ஆயினும் மேலே கண்ட காரணங்களை நோக்கின், முறையாக உட்கொள்ளும் அழுத்த மாத்திரை முதியவரின் நினைவுக்கும் காவலாகும் எனலாம். மருந்து தரச் செல்லும் பணியாளர், முதியவரின் செவியையும் கண்ணையும் நினைவையும் பற்றி இரண்டொரு வினாக் கேட்பாராயின் பெரும்பயன் விளையும்.

செவிப்புலன் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் தடுக்கத்தக்க 45 பங்கில் செவிக்குறைக்கு 7 பங்கு உண்டு. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், செவிக்கருவி பொதுவாக எல்லார்க்கும் பயன் தந்ததாகக் காணப்படவில்லை. நோய்வாய்ப்பு மிக்க முதியோரிடம் மட்டும் மூன்றாண்டில் அறிவுத்தேய்வு 48 விழுக்காடு குறைந்தது. நம் ஊர்களில் காது கேளாத முதியவரிடம் பேச்சு நின்றுவிடுகின்றது. உணவு வைக்கப்படும், சொல் வைக்கப்படுவதில்லை. பலர் நடுவே இருந்தும் அவர் தனியராகின்றார்.

உண்மைத் தனிமையும் பெருகியுள்ளது. பெங்களூர்க்கும் திருப்பூர்க்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் மக்கள் செல்ல, முதியவர் இருவர் அல்லது ஒருவரே வீட்டில் எஞ்சுகின்றனர். பொங்கலுக்கு வரும் மகன் மூன்று நாளில் தாயின் மாற்றத்தை அறிதல் அரிது. அவன் வந்த மகிழ்ச்சியில் தாயும் பழங்கதைகளைத் தெளிவாகவே பேசுவாள். பிசிராந்தையார் கூறிய மனைவி, மக்கள், ஏவலர், சான்றோர் என்னும் சூழலில் ஒவ்வொன்றாக நீங்குதலை இங்குக் காண்கின்றோம். இதற்காக வெளியூர் சென்றோரைப் பழித்தல் முறையன்று. மழை பொய்த்த புன்செய் அவர்களை அனுப்பியது.

6. தமிழ்த்துறையின் கடமை

இப்பொருளில் தமிழ் பயில்வோர்க்கு உரிய பணிகள் மூன்று எனக் கருதலாம்.

முதலாவது, அளவுகோலின் மொழி. நினைவை அளக்க உலகெங்கும் வழங்கும் தேர்வு 1975-இல் ஃபோல்சுடீன் முதலியோர் அமைத்தது. அது தேதியைக் கேட்கும், படிக்கச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோண உருவங்களைப் பார்த்து வரையச் சொல்லும். எழுதுகோலைத் தொடாதவர் இதில் தோற்றல் நோயன்று. வடநாட்டில் பல்லப்கர் வட்டாரச் சிற்றூர்களில் ஆய்ந்தோர், 1995-இல் எழுத்தறியாதவர்க்கேற்ப இந்தியில் ஒரு தேர்வை வகுத்தனர். தமிழிலும் இத்தகைய தேர்வுகள் மொழிபெயர்ப்பாக அமையாது வழக்கை அறிந்து அமைதல் வேண்டும். ஆங்கிலத் தேதியை அறியாத மூதாட்டி தமிழ்த் திங்களையும், அமாவாசை எத்தனை நாளில் என்பதையும், சந்தை கூடும் கிழமையையும் அறிவார். தருமபுரி வழக்கில் ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் சென்னை வழக்கில் வேறாகலாம். வட்டார வழக்கை அறிந்தார் துணையின்றி வகுக்கப்பட்ட தேர்வு, அறியாமையை நோயாகவும் நோயை அறியாமையாகவும் காட்டிவிடும்.

இரண்டாவது, களப்பணியில் எச்சரிக்கை. நாட்டுப்பாடலும் கூத்தும் கதையும் தொகுக்கும் நம் மாணவர் முதியோரையே நாடுகின்றனர். இம்மாவட்டத்தில் திரௌபதியம்மன் விழாவும் பாரதக் கூத்தும் வேரூன்றியவை. அவற்றை அறிந்தோர் பலர் அகவை முதிர்ந்தவர். தகவலாளர் ஒரு கதையை மாற்றிச் சொல்லும்போது அது பாடவேறுபாடா நினைவுத் தேய்வா எனத் தெளிதல் ஆய்வுக்கு இன்றியமையாதது. ஒருவரிடம் ஒருமுறை மட்டும் கேட்டு எழுதுதலை விடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் கேட்டு ஒப்பிடுதல் நன்று. தேய்வு தோன்றின் அதனை வீட்டார்க்கு அமைதியாகக் கூறி மருத்துவரிடம் அனுப்புதல் ஆய்வாளரின் கடமை. பாடலைப் பெற்றுக்கொண்டு பாடியவரை விட்டுவிடுதல் அறமாகாது. நோயுற்றோரும் பழம்பாடலைப் பாடவல்லர். அதனைக் கேட்பார் ஒருவர் அவருக்கு வாய்த்தல் ஆய்வாளர்க்குப் போலவே பாடுபவர்க்கும் நன்மை.

மூன்றாவது, பெயர். இந்நோயைக் குறிக்க முதுமறதி, மறதி நோய், அறிவுத்தேய்வு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. மறதி என்னும் சொல் நோயைச் சிறிதாக்கிக் காட்டும். பித்து என்னும் சொல் இழிவு சேர்க்கும். மக்கள் நாவில் வழங்கவும், நாணமின்றிச் சொல்லவும், மருத்துவரிடம் செல்லத் தூண்டவும் தக்க சொல் எது என்பதை அகராதியால் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஏரியூர் போன்ற ஊர்களில் மக்கள் தாமே வழங்கும் தொடர்களைத் தொகுத்துப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து ‘அறளை பெயர்தல்’ போன்று நம் வட்டாரங்களிலும் வழக்குகள் இருக்கக்கூடும். ஆய்வுப் பட்டம் நாடும் மாணவர் ஒருவர்க்கு இது தக்க தலைப்பாகும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மறதி நோய் மூப்பின் இயல்பு என்னும் கருத்து 1968-க்குப் பின் மருத்துவ உலகில் கைவிடப்படலாயிற்று, நம் ஊர்களில் அது இன்னும் நிற்கின்றது. நோய் தோன்றுதற்குரிய காரணங்களுட் பல கல்வி, மருத்துவம், குடும்பம் என்பவற்றின் வரலாற்றோடு பிணைந்தவை. தோன்றிய நோய் வளர்தலை அடைப்பு, குழப்பநிலை, ஊட்டக்குறைவு, புறக்கணிப்பு ஆகியவை விரைவிக்கின்றன. இவற்றுட் பெரும்பாலன வீட்டாராலும் ஊர் மருத்துவப் பணியாளராலும் குறைக்கத்தக்கவை. எழுபதாண்டுக்கு முன் மூடப்பட்டிருந்த பள்ளிக் கதவை இன்று திறந்து ஒருவரை அனுப்ப இயலாது. அவரது அழுத்தத்தை அளக்கவும், காதைச் சோதிக்கவும், காய்ச்சலை உடன் தணிக்கவும், அவரோடு அமர்ந்து பேசவும் இயலும். அடுத்த தலைமுறைப் பெண்மகவைப் பள்ளியில் நிறுத்தி வைத்தல் அவளது எண்பதாம் அகவைக்குச் செய்யும் மருத்துவமுமாகும்.